ஷூமன் தம்பதியின் கடிதங்களும் பியானோ ட்ரியோவும்: வளவு வீட்டில் நடத்த என்னென்ன பார்க்க வேண்டும்?

வளவுவாசல் எழுதியது:

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில், வரும் மாசியில் ஒரு மாலை சேம்பர் மியூசிக் (சில வாத்தியங்கள் மட்டும் சேர்ந்து சின்னக் கூடத்தில் வாசிக்கும் மேற்கத்திய இசை) கச்சேரி வைக்க ஏற்பாடு நடக்கிறது. வயலின், செலோ, பியானோ என்று மூன்று பேர். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனும், பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான அவர் மனைவி கிளாராவும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களை ஒரு ஆணும் ஒரு பெண்ணும் தமிழில் வாசிப்பார்கள். கூட்டம் 120 பேருக்குள். பாதிப் பேருக்கு மேல் மேற்கத்திய சங்கீதத்தை நேரில் கேட்காதவர்கள். வாத்தியங்களுக்கு மைக் கிடையாது.

இப்போதைக்குப் பட்டியல்: கிளாராவின் மூன்று ரொமான்ஸ்கள் (ஓபஸ் 22; ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), ராபர்ட்டின் மூன்று துண்டுகள் (ஓபஸ் 73) செலோவில், இடைவேளை, மூன்று வாத்தியமும் சேரும் ராபர்ட்டின் டி மைனர் ட்ரியோ (ஓபஸ் 63). ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கடிதம். மெதுவான பகுதிகளில் இசை போய்க்கொண்டிருக்கும்போதே மேலே வாசிக்கலாம் என்றும் ஒரு யோசனை.

பட்டியல் சரியா, எந்தக் கடிதங்கள், பியானோவை எப்படிக் கொண்டுவருவது, கூடத்தில் எதிரொலி எப்படி இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைநறுக்கு எழுதியது:

அண்ணே, நல்ல காரியம். ஆனால் அடித்தளத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் கடிதம் எழுதிய காலமும் இந்த இசை வந்த காலமும் வேறு வேறு.

கடிதப் பெருக்கு 1837 முதல் 1840 வரைதான். கிளாராவின் அப்பா ஃப்ரீட்ரிஷ் வீக் இருவரையும் பார்க்கவிடாமல் தடுத்தார், அதனால் எழுதினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1840 செப்டம்பர் 12 அன்று லைப்சிக் பக்கத்தில் ஷோனஃபெல்டில் கல்யாணம். மறுநாள் கிளாராவுக்கு 21 வயது. ஒரே கூரைக்குக் கீழே வந்த பிறகு கடிதத்துக்கு வேலை இல்லை. ராபர்ட்டின் பேர்சொல்லும் சேம்பர் மியூசிக் எல்லாம் 1842 முதல்தான். கிளாராவின் ட்ரியோ 1846. ஆக, கடிதம் நின்ற பிறகுதான் இந்த இசை தொடங்குகிறது. "இந்தக் கடிதத்திலிருந்து பிறந்த இசை" என்று மேடையில் அறிவித்தால் அது உண்மை இல்லை.

இடைவெளியை நிரப்ப வேறு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாளே இருவரும் சேர்ந்து ஒரு நாட்குறிப்பு தொடங்கினார்கள். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் என்று முறை வைத்துக்கொண்டு, ஞாயிறு காலை காப்பி நேரத்தில் கைமாற்ற வேண்டும் என்று விதியும் எழுதிக்கொண்டார்கள். 1844 வரை போனது. கடிதமும் நாட்குறிப்பும் என்று அழைப்பிதழில் போடுங்கள், கச்சேரி நேராகிவிடும்.

வாசிக்க நான்கு இடங்கள் போதும்.

முதலாவது, 1837 ஆகஸ்ட். 13ஆம் தேதி கிளாரா லைப்சிக் கச்சேரியில் ராபர்ட்டின் சிம்ஃபனிக் எட்யூட்களில் சிலவற்றை வாசித்தார். பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த இருவருக்குள் அதையொட்டித்தான் கடிதம் மறுபடி தொடங்கியது. சம்மதம் என்ற ஒற்றைச் சொல்லை ராபர்ட் கேட்க, கிளாரா எழுதிய பதில் சின்னது, கேட்ட உடனே புரியும்.

இரண்டாவது, 1838 மார்ச். முப்பது குட்டித் துண்டுகள் எழுதினேன், பன்னிரண்டு பொறுக்கி எடுத்து 'குழந்தைக் காட்சிகள்' என்று பேர் வைத்தேன் என்கிறார் ராபர்ட். அவர் சில நேரம் குழந்தை மாதிரி தெரிகிறார் என்று கிளாரா முன்பு எழுதியதை அதில் நினைவுபடுத்துகிறார். அச்சானபோது 13 ஆயிற்று.

மூன்றாவது, நாட்குறிப்பிலிருந்து. வீட்டுச் சுவர் மெல்லிசு. ராபர்ட் எழுதும்போது கிளாரா சாதகம் பண்ண முடியாது. அந்த வருத்தம் கிளாரா எழுதிய பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

நான்காவது, 1854 செப்டம்பர், கடைசிக் காலத்தைக் கழித்த எண்டெனிஷ் மனநல மருத்துவமனையிலிருந்து ராபர்ட். கிளாராவின் வாசிப்பை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்கிறார். போன குளிர்காலத்தில் ஹாலந்து போனது கனவா என்று கேட்கிறார், பெண்பிள்ளைகளை விசாரிக்கிறார்.

ஓபஸ் 22 பற்றி ஒரு எச்சரிக்கை. அது ராபர்ட்டுக்கு எழுதிய காதல் பரிசு இல்லை. 1853இல் எழுதி வயலின் கலைஞர் யோசெஃப் யோவாகிமுக்குச் சமர்ப்பித்தது. அந்த வருஷம் ராபர்ட்டின் பிறந்தநாளுக்குக் கொடுத்தது ஓபஸ் 20, தனிப் பியானோவுக்கான வேரியேஷன்கள்.

மொழிபெயர்ப்பு உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதங்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் சமீபத்திய ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு உரிமை இருக்கும், அதிலிருந்து தமிழாக்கினால் அனுமதி வேண்டும். பழைய ஜெர்மன் பதிப்பிலிருந்து நேரடியாகச் செய்விப்பது நல்லது.

செலோக்காரி எழுதியது:

இசைக்கு மேல் வாசிப்பு வேண்டவே வேண்டாம். செலோவின் நடு ஸ்தாயியும் மனிதக் குரலும் ஒரே இடத்தில் விழும். மைக் இல்லாத கூடத்தில் வாசிப்பவர் குரலை உயர்த்துவார், வாசிக்கிற நாங்கள் சத்தத்தை இறக்குவோம். கடைசியில் சொல்லும் கேட்காது, சுரமும் கேட்காது. சினிமாவில் ஒலிக்கலவை செய்கிறவர் இருக்கிறார், இங்கே யார் இருக்கிறார்கள்?

ஓபஸ் 73இல் மூன்று துண்டுகளுக்கும் நடுவே நிறுத்தாமல் போகச் சொல்லி ஷூமனே 'அட்டாக்கா' என்று குறித்திருக்கிறார். அதனால் உள்ளே கடிதம் செருக இடமில்லை. மூன்றும் சேர்ந்து 11 நிமிடம். மூலம் கிளாரினெட்டுக்கு எழுதியது, செலோ மாற்று அச்சிட்ட பதிப்பிலேயே உண்டு, கூச்சப்பட வேண்டாம். ஓபஸ் 22இன் மூன்று ரொமான்ஸ்களும் தனித்தனி என்றாலும் மொத்தமே 10 நிமிடம்தான், பிரிக்காதீர்கள்.

ட்ரியோவை மாற்றச் சொல்கிறேன். ஓபஸ் 63ஐ எடுத்துவிட்டு கிளாராவின் ஜி மைனர் ட்ரியோவை, ஓபஸ் 17ஐ, வையுங்கள். கிளாரா இந்த மாலையில் பத்து நிமிடம் மட்டும் தலைகாட்டினால், கடிதத்தில் இரண்டு குரல், இசையில் ஒரு குரல் என்றாகிவிடும். நான்கு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு 1846இல் டிரெஸ்டனில் எழுதியது, நான்கு பகுதி, 28 நிமிடம். அடுத்த வருஷம் அவர் பிறந்தநாளை ஒட்டி ராபர்ட் எழுதியதுதான் ஓபஸ் 63.

வாசிப்பு நுணுக்கத்திலும் இதற்குக் காரணம் உண்டு. ஓபஸ் 63இன் பியானோ எழுத்து நடு ஸ்தாயியில் அடர்த்தி. கல்லும் சுண்ணாம்புமான கூடத்தில் குழம்பிப் போகும். ஓபஸ் 17இன் எழுத்து தெளிவு, மூன்று வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் கடைசிப் பகுதி. அங்கே ஒரே கருவை மூவரும் ஒருவர் பின் ஒருவராக எடுத்துப் பின்னுகிற ஃப்யூகாட்டோ வருகிறது. எதிரொலி நீளமாக இருந்தால் இரண்டாமவர் நுழைவது முதலாமவர் வாலில் மூழ்கிவிடும். வில்லைக் குறுக்கிப் பிடியுங்கள், ஒவ்வொரு சுரத்தையும் எழுதியதைவிடக் கொஞ்சம் முன்பே விடுங்கள், பியானோக்காரர் அந்த இடத்தில் பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தக் கூடாது. வேகம் கூட்டினால் தெளிவு வரும் என்று நினைப்பார்கள், நேர்மாறாகத்தான் ஆகும்.

செலோவைத் தரையில் ஊன்றும் முள் ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கும், அழுத்தினால் கல்லில் கீறலும் விழும். இரண்டடிக்கு ஒன்றரை அடி பலகை ஒன்றில் நாற்காலியின் முன்கால்களை வைத்து, முள்ளுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டையை ஆணி அடித்து நிறுத்திவிடுங்கள். பலகைக்கு அடியில் ரப்பர் ஒட்டவும். வார் கட்டுவதைவிட இது நல்லது, மரம் கொஞ்சம் ஒலியையும் கூட்டிக் கொடுக்கும்.

சுருதிச்சாவி எழுதியது:

பியானோ விஷயம் நான் சொல்கிறேன்.

ஆறடி கிராண்ட் (படுக்கைவாட்டில் இருக்கும் பெரிய பியானோ) போதும். 120 பேருக்கு ஒன்பதடி தேவையில்லை, இரண்டு தந்தி வாத்தியங்களையும் அது விழுங்கிவிடும். ஆறடி கிராண்ட் சுமார் 320 கிலோ. மூடியைக் கழற்றி, பெடல் தொகுதியைக் கழற்றி, இடது முன்காலை எடுத்து, நேரான பக்கம் கீழே வரும்படி சறுக்குப் பலகையில் சாய்த்துக் கட்ட வேண்டும். மற்ற இரண்டு கால்களும் சாய்த்த பிறகுதான் கழறும். இந்த நிலையில் அகலம் ஒன்றரை அடிக்குள் வந்துவிடும், உங்கள் நிலைக்கதவில் தாராளமாக நுழையும். கஷ்டம் கதவு அகலம் இல்லை, திண்ணைப் படியும் உயரமான நிலைப்படியும்தான். இரண்டுக்கும் சாய்வுப் பலகை முன்னாடியே தயாராக இருக்கட்டும். ஆறு ஆள் வேண்டும். கல் தூக்கிப் பழகியவர்களாக இருந்தாலும், பியானோ ஏற்றி இறக்கிய ஒருவர் சொல்படிதான் மற்றவர்கள் அசைய வேண்டும்.

உள்ளே வந்ததும் ஒவ்வொரு காலிலும் நூறு கிலோவுக்கு மேல், பித்தளை உருளையின் ஒரு சின்னப் புள்ளியில் இறங்கும். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட் கல், உள்ளே வெற்றிடம் இருந்தால் பட்டென்று விரியும். ஒவ்வொரு காலுக்கும் ஓரடிச் சதுர பிளைவுட், 18 மில்லிமீட்டர், அடியில் கம்பளித் துணி. தரையில் உருட்டவே கூடாது. நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு அங்கேயே இறக்குங்கள்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட வேண்டும். அந்த அறையின் காற்றுக்கு ஒரு நாளாவது பழகட்டும், கச்சேரிக்கு முதல் நாள் முழுச் சுருதி, கச்சேரியன்று மூன்று மணிக்கு மேல்திருத்தம். ஈரம் ஏறினால் ஒலிப்பலகை உப்பும், நடு ஸ்தாயி மேலே போகும், கீழ் ஸ்தாயி அவ்வளவு நகராது. அதனால்தான் காலையில் சரியாக இருந்தது மாலையில் தனக்குள்ளேயே பிணங்கும். திருத்துகிற நேரமும் வாசிக்கிற நேரமும் ஒரே மாதிரிக் காற்றில் இருக்க வேண்டும். ஏ சுருதி 440 ஹெர்ட்ஸில் வையுங்கள். 442க்கு ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், பயணப்பட்டு வந்த பியானோ ஏற்றிய சுருதியில் ஒரு மாலை முழுக்க நிற்காது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். திறந்த வாசலுக்கு நடுவில் பியானோவை வைக்கிற ஆசை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இரவு பனி இறங்கினால் சுத்தியல் கம்பளியும் தந்தியும் கெடும். விளக்கு எல்.இ.டி.தான், ஹாலஜன் வெப்பம் ஒரு மணி நேரத்தில் சுருதியை இழுத்துவிடும்.

பட்டாலை எழுதியது:

வீட்டைப் பற்றி. கச்சேரியை ஆல்வீட்டில் வைப்பீர்களா, வளவில், அதாவது திறந்த முற்றத்தில் வைப்பீர்களா என்று சொல்லவில்லை. ஆல்வீடு மூடிய கூடம், கீழே ஆத்தங்குடி, சுவரில் முட்டைப் பூச்சு, மேலே பர்மாத் தேக்கு. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி, ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். காலிக் கூடத்தில் ஒரு தடவை பலமாகக் கைதட்டி, ஒலி அடங்கும் நேரத்தைப் பாருங்கள். சேம்பர் மியூசிக்குக்கு 1.3 முதல் 1.7 விநாடி சுகம். காலியாக இருக்கும்போது அதைவிடக் கூடத்தான் வரும், பயப்பட வேண்டாம், 120 உடம்பு ஒலியை நிறையக் குடிக்கும். ஜமக்காளம் மேல் ஸ்தாயியை அடக்கும், கீழ் ஸ்தாயியை அவ்வளவாகத் தொடாது. முன்வரிசைகளைத் தரையில் ஜமக்காளத்தில் உட்கார வைத்து, வயசானவர்களுக்குப் பின்னால் நாற்காலி போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குல்லா கட்டாயம். இரும்பு நாற்காலி ஆத்தங்குடியில் இழுபடும் சத்தம் மெதுவான பகுதியை ஒரே நொடியில் கொன்றுவிடும்.

வளவில் வைத்தால் ஒலி பாதி வானத்துக்குப் போகும். அப்படியானால் வாத்தியம் வாசிப்பவர்கள் பட்டாலையில், அதாவது முற்றத்தை ஒட்டிய திண்ணையில், கூரைக்குக் கீழ், முதுகுக்குப் பின் சுவர் இருக்கும்படி உட்கார வேண்டும். கேட்பவர்கள் எதிரிலும் இரண்டு பக்கத்திலும். என் ஓட்டு ஆல்வீட்டுக்குத்தான்.

ஒத்திகையின்போது ஒரு காரியம் செய்யுங்கள். செலோவின் அடித்தந்தியான 'சி' சுரத்தில், அதாவது 65 ஹெர்ட்ஸில் தொடங்கி, அரைச் சுரம் அரைச் சுரமாக, ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி பலமாக இழுத்துக்கொண்டே மேலே வரட்டும். இன்னொருவர் கூடம் முழுக்க நடந்து கேட்கட்டும். பெல்ஜியம் கண்ணாடி, தொங்கும் சரவிளக்கு, கதவு நாதாங்கி, சுவரில் மாட்டிய படங்கள், வாசல் மேல் கட்டிய கம்பி வலை, இதில் ஏதாவது ஒன்று ஒரு குறிப்பிட்ட சுரத்தில் சேர்ந்து அதிரும். எந்தச் சுரம் என்று எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் கம்பளித் துண்டு வைத்து அமுக்குங்கள். நாதாங்கிக்கு நூல் கட்டினாலே போதும்.

தேதி: தையில் வேண்டாம், தைப்பூசத்தை ஒட்டிப் பாதி ஊர் பழனிக்கு நடைப்பயணம் போயிருக்கும். குன்றக்குடி வழி முழுக்கக் கூட்டம், லாரி வருவதே சிரமம். மாசி என்றால் முகூர்த்த நாள் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். அடுத்த தெருவில் கல்யாணம் என்றால் குழாய் ஒலிபெருக்கியை நீங்கள் நிறுத்தச் சொல்ல முடியாது. ஏழு மணிக்கு முன் தொடங்க வேண்டாம், அதற்குள் காக்கையும் மைனாவும் அடங்கிவிடும். பலகாரம் கச்சேரி முடிந்த பிறகுதான். இரண்டாங்கட்டில் கந்தரப்பம் வேகும் எண்ணெய்ச் சத்தம் ஆல்வீடு வரை வரும், எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

புதுவயல்காரன் எழுதியது:

இரண்டு கேள்வி. பியானோவுக்கு இவ்வளவு பாடு என்றால் நல்ல டிஜிட்டல் பியானோ ஒன்று வைத்தால் என்ன? அல்லது பியானோவே இல்லாமல் ஷூமனின் ஸ்ட்ரிங் குவார்டெட் (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) வைக்கலாமே? அடுத்து, நம் பக்கத்து வீடுகளிலும் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும், கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய) போனவர்கள் எழுதிய கடிதங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. 'சிவமயம்' போட்டுத் தொடங்கி வட்டிக் கணக்கும் பிள்ளை படிப்பும் ஒரே தாளில் வரும். அதையும் நடுவில் வாசித்தால் ஊருக்கு நெருக்கமாக இருக்குமே?

செலோக்காரி எழுதியது:

டிஜிட்டல் வேண்டாம். அதன் ஒலி ஸ்பீக்கரிலிருந்து ஒரே திசையில் வரும், வயலினும் செலோவும் மரத்திலிருந்து எல்லாப் பக்கமும் வரும். இரண்டும் ஒன்று கலக்காது, நாங்களும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்க முடியாது. கிராண்ட் கிடைக்கவில்லை என்றால் நல்ல அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் சின்னப் பியானோ) போதும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். அதன் ஒலிப்பலகை முதுகில் இருக்கிறது.

குவார்டெட் யோசனை தப்பில்லை. 1842 வசந்தத்தில் கிளாரா கோபன்ஹேகனுக்குக் கச்சேரிக்குப் போக, ராபர்ட் லைப்சிக்கில் தனியாக இருந்தார். அந்தக் கோடையில் எழுதியவைதான் ஓபஸ் 41இன் மூன்று குவார்டெட்களும். கடிதத்துக்கு மிக நெருங்கிய சேம்பர் மியூசிக் அதுதான். ஆனால் கிளாரா எழுதியது எதுவும் அந்த மேடைக்கு வராது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஓலைநறுக்கு எழுதியது:

புதுவயல் தம்பி, அந்தக் கடிதங்களுக்குத் தனி மாலையே வேண்டும். ஷூமனுக்கு நடுவில் வைத்தால் இரண்டு வாழ்க்கையும் ஒப்பீட்டுப் பொருளாகச் சுருங்கிவிடும். தவிர, அவை குடும்பச் சொத்து. பங்காளிகள் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும், கணக்கு விவரம் உள்ள பக்கங்கள் வெளியே வரக் கூடாது. வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் நல்ல நகல் எடுத்து முகப்பில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். மூலத்தை வைக்காதீர்கள், அந்தத் தாள் வெளிச்சத்துக்கும் கைச்சூட்டுக்கும் தாங்காது.

இன்னொன்று. பெண்ணுக்கு இசை எழுதும் ஆசை கூடாது என்று கிளாரா எழுதிய வரி எல்லாக் கச்சேரிக் குறிப்பிலும் வரும். அது கல்யாணத்துக்கு முன் 1839இல் அவருடைய சொந்த நாட்குறிப்பில் எழுதியது, அப்போது வயது 20. அதை ஓபஸ் 17க்கு முன்னால் வாசித்தால், ஏழு வருஷம் கழித்து எழுதிய ட்ரியோ அந்த வரிக்குப் பதில் சொல்ல வந்த வழக்குரை மாதிரி ஆகிவிடும். அதன் சொந்தக் கட்டுமானம் காதில் ஏறாது. விட்டுவிடுங்கள்.

வளவுவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பட்டாலை அண்ணன் சொன்னபடி ஆல்வீடுதான். பட்டியலை இப்படி மாற்றியிருக்கிறோம்:

1837 கடிதங்கள் இரண்டு, கேள்வியும் பதிலும். 1838 மார்ச் கடிதம், அதன் பின் 'குழந்தைக் காட்சிகள்' தொகுப்பிலிருந்து முதல் துண்டும் ஏழாவதான 'ட்ரொய்மெராய்'யும் தனிப் பியானோவில். கல்யாண நாட்குறிப்பு. ராபர்ட்டின் ஓபஸ் 73. கிளாராவின் ஓபஸ் 22. பத்து நிமிட இடைவேளை, உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் மட்டும். 1854 கடிதம். கிளாராவின் ட்ரியோ. பலகாரம் கடைசியில்.

இசை 55 நிமிடம், வாசிப்பு 14 நிமிடம். 1854 கடிதத்துக்குப் பின் 1846 ட்ரியோ வருவது காலத்தில் பின்னோக்கிப் போகிறதே, அது சரிதானா?

ஓலைநறுக்கு எழுதியது:

எனக்குச் சம்மதமில்லை. இந்த வரிசையில் ட்ரியோ ராபர்ட் சாவுக்கு ஒப்பாரி மாதிரி கேட்கும். எழுதியபோது அவர் பக்கத்து அறையில் இருந்தார். ட்ரியோவை நாட்குறிப்பை அடுத்து, முதல் பாதியின் முடிவில் வையுங்கள். இடைவேளைக்குப் பின் ஓபஸ் 73, 1849. அதன் பின் ஓபஸ் 22, 1853. கடைசியில் 1854 கடிதம், அதற்குப் பின் இசை வேண்டாம். எல்லாம் காலவரிசையில் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வருஷத்தையும் ஊரையும் மட்டும் சொன்னால் போதும், வேறு விளக்கவுரை வேண்டாம்.

செலோக்காரி எழுதியது:

நானும் அதே கட்சி. கையும் முதல் பாதியில்தான் புதிதாக இருக்கும், ட்ரியோ அங்கே வருவது எங்களுக்கும் நல்லது. ட்ரியோவின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டல் வந்தால் வரட்டும், தட்டாதீர்கள் என்று அறிவிக்க வேண்டாம். மூன்றாம் பகுதி ஆண்டான்டேக்கு அப்புறம் மட்டும் வில்லை இறக்காமல் வைத்திருந்தால் அவர்களே காத்திருப்பார்கள்.

பட்டாலை எழுதியது:

கடிதம் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரொலிக் கூடத்தில் நிமிடத்துக்கு 80, 90 சொல்லுக்கு மேல் போனால் வாக்கியத்தின் கடைசிச் சொல் அடுத்ததில் கலந்துவிடும். 14 நிமிடம் என்றால் 1,200 சொல், அதற்குள் வெட்டுங்கள். இருவரும் பியானோவின் இரண்டு பக்கமும் தூணை ஒட்டி நிற்கட்டும், கூடத்தின் நடுவில் அல்ல. கையில் ஒற்றைத் தாள் வேண்டாம், சரசரக்கும். கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மின்விசிறியை இசைக்கும் வாசிப்புக்கும் நிறுத்த வேண்டும், சுழலும் இறக்கை ஒலியை நறுக்கி நறுக்கிக் கொடுக்கும். ஜெனரேட்டர் மூன்றாங்கட்டுக்கும் வெளியே, பின் தெருப் பக்கம் இருக்கட்டும். ஸ்டாண்ட் விளக்குகள் பேட்டரியில் ஓடினால் மின்சாரம் போனாலும் ட்ரியோ நிற்காது.

சுருதிச்சாவி எழுதியது:

பியானோ மூடியைக் குட்டைக் குச்சியில் நிறுத்துங்கள், முழுக்கத் திறக்க வேண்டாம். பக்கம் புரட்டுபவர் பியானோக்காரரின் இடதுபக்கம், ஓரடி பின்னால் உட்கார்ந்து, எழுந்து நின்று இடது கையால் மேல் மூலையைப் பிடித்துப் புரட்டட்டும். டேப்லெட் என்றால் பேட்டரியை நிரப்பிவிட்டு, திரை அணையும் நேரத்தை 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றி, புரட்டும் பெடலுக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள், அதுவும் ஆத்தங்குடியில் வழுக்கும்.